இரண்டு ஊரில் வேலை பார்த்த மேரி

நான் குடியிருக்கும் வீட்டின் சாவி நாள் முழுவதும் வாசல் கதவின் வெளிப்புறத்தில், பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு தேவாலயமும் இரண்டு மதுக்கடைகளும் ஒரு முதியோர் இல்லமும் உள்ள சிற்றூர் இது. வந்த முதல் நாள், வீட்டுக்காரம்மா மறந்துவிட்டார் என்று நினைத்து, சாவியை உருவிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். நோராவுக்கு எழுபது வயதிருக்கும். சாவியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஏன், திறக்க இறுக்கமாக இருக்கிறதா?” என்று கேட்டார். பிறகு எழுந்துபோய் அதைப் பழையபடி பூட்டில் செருகினார். “நான் குளியலறையில் இருக்கும்போது யாராவது வந்தால் எப்படி உள்ளே வருவார்கள்?” என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். என் பாஸ்போர்ட்டை அவர் கேட்கவில்லை. எந்த ஊர், அப்பா பெயர் என்ன, எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: “நீ நர்ஸ்தானே?” “இன்னும் இல்லை” என்றேன். நான் படித்துக்கொண்டிருப்பதாகப் புரிந்துகொண்டு, “நன்றாகப் படி” என்று வாழ்த்தினார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எட்டு வருடம் ஊசி போட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்த நாட்டில் வீடுகள் நம்புகிற அளவுக்கு அலுவலகங்கள் நம்புவதில்லை. முதியோர் இல்லத்தில் எனக்குக் கிடைத்தது பராமரிப்பு உதவியாளர் வேலை. குளிப்பாட்டலாம், உடை மாற்றலாம், கரண்டியால் ஊட்டலாம், சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கடலைக் காட்டலாம். மருந்துத் தள்ளுவண்டி வந்தால் ஓரமாக நகர்ந்துவிட வேண்டும். நர்ஸ் இன்சுலின் போடும்போது நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். செவிலியர் பதிவு வாரியம் என்னை நர்ஸ் என்று ஒப்புக்கொள்ளும்வரை அப்படித்தான். அதற்கு நான் படித்த கல்லூரி மதிப்பெண் விவரங்களை அனுப்ப வேண்டும். நம் மாநிலத்து நர்சிங் கவுன்சில் என் பதிவு உண்மைதான் என்று எழுத வேண்டும். நான் வேலை பார்த்த ஒவ்வொரு மருத்துவமனையும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று படிவத்தை நிரப்ப வேண்டும். என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சொல்ல வேண்டும். எல்லாம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு நேராகப் போக வேண்டும். என் கை பட்டால் அந்தத் தாள் செல்லாது. தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் காப்பிகளோடு வளர்ந்தவள் நான். என் வாழ்க்கையைப் பற்றி எல்லோரிடமும் கேட்பார்கள், என்னிடம் மட்டும் கேட்கமாட்டார்கள் என்பது புரியச் சில மாதங்கள் ஆயின.

போலீஸ் விசாரணை மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது. உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் தெரு முழுக்க எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்கள். பட்டப்பகலில் ஏட்டு மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தியதும் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ஒரு தட்டில் பன்னீர் திராட்சையும் வைத்தாள். அவர் திராட்சையைச் சாப்பிட்டுக்கொண்டே, “ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல ஆரோக்கிய மேரி, ஸ்கூல்ல எஸ். மேரி, பாஸ்போர்ட்ல மேரி சவரிமுத்து. மூணும் ஒரே ஆளுதானா?” என்றார்.

“ஒரே ஆளுதாய்யா. மூணு ஆளா இருந்தா ஒருத்திய வீட்டுல நிப்பாட்டிக்கிருவேனே” என்றாள் அம்மா.

“பொண்ணு மேல கேஸ் கீஸ் ஏதும் உண்டா?”

“எனக்குத்தான் அவ மேல கேஸு இருக்கு. வயசான காலத்துல விட்டுட்டுப் போறால்ல.”

ஏட்டு சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். தெருவில் மட்டும் ஒரு வாரம்வரை, “போலீஸ் எதுக்கு வந்தாக?” என்ற கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரிக் காகிதம் ஆறு வாரத்தில் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கவுன்சிலின் காகிதம் நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. கடைசியாக நான் வேலை பார்த்த கட்டப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டே நாளில் பதில் போயிற்று. மிஞ்சியது கம்பம் நர்சிங் ஹோம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பை முடித்ததும் நான் சேர்ந்த முதல் இடம் அதுதான். நாலரை வருடம் இருந்தேன். பன்னிரண்டு கட்டில்கள், ஒரு டாக்டரம்மா, மேனேஜர் ராஜாங்கம் சார். வெள்ளை உடுப்பு போட்டவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். எங்களில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர்தான். நோயாளிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லோரும் சிஸ்டர்தான்.

பட்டம் இல்லாத ஆறு பேரில் ஒருத்தி முருகேஸ்வரி. குச்சனூர்க்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, கூட்டிப் பெருக்க வந்து, இரண்டே வருடத்தில் வெள்ளை உடுப்புக்கு மாறியவள். நரம்பு கண்டுபிடிப்பதில் அவளைப் போல ஓர் ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை, இந்த நாட்டில்கூட. நீர் வற்றிப்போய்க் கை சூம்பிக் கிடக்கும் கிழவிக்கும், கைகால் உதறும் குழந்தைக்கும் அவள்தான் ஊசி ஏற்றுவாள். டாக்டரம்மாவே, “ஈஸ்வரியக் கூப்பிடு” என்பார்கள். ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது. மருந்துச் சீட்டில் தசமப் புள்ளி வந்தால் தடுமாறிப்போவாள். ஒருநாள் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு நிற்க எழுதியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு, நான் இன்னொரு கட்டிலருகே நின்ற இடத்துக்கு ஓடிவந்தாள். “அக்கா, இது அரையா அஞ்சா?” என்றாள். அரை. அவள் சிரிஞ்சில் இழுத்து வைத்திருந்தது ஐந்து. போடவில்லை, கேட்க வந்தாள். அதற்குப் பிறகு புள்ளி வைத்த எதையும் என்னிடம் காட்டாமல் அவள் போட்டதில்லை. அது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. அவளுக்கு நரம்பு, எனக்குப் புள்ளி.

நான் வேலையை விட்டபோது என் அசல் சான்றிதழ்கள் ராஜாங்கம் சாரின் பீரோவில் இருந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் நடையாய் நடந்தேன். கடைசியில் ஒருநாள் சான்றிதழ் கவரை மேசை மேல் வைத்தார். கூடவே ஒரு வருகைப் பதிவேட்டையும் திறந்து வைத்தார். வரப்போகிற மாதங்களின் பக்கங்கள். தேதிகள் மட்டும் இருந்தன.

“ஒரு ஆறு மாசத்துக்கு ஓம் பேரு இங்கனயே இருக்கட்டும்மா. இன்ஸ்பெக்சன் வருது. படிச்ச நர்சு இத்தன பேருன்னு கணக்குக் காட்டணும்ல. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ” என்றார்.

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. கவர் மேசை மேல் இருந்தது, பேனா என் கையில் இருந்தது. கட்டப்பனையில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்றில் ஏறி, கம்பம்மெட்டு வளைவுகளைத் தாண்டியபோது அந்தப் பதிவேட்டை நான் மறந்தே போயிருந்தேன். மேலே ஆஸ்பத்திரியில் மலையாளத்தில், “மேரிக்குட்டி, எந்தா விசேஷம்?” என்று வரவேற்றார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலத் தேர்வு எழுதி, தேறி, இங்கே வந்தேன்.

இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஓய்வு நேரத்தில்தான் வாரியத்தின் மின்னஞ்சலைத் திறந்தேன். மிகவும் மரியாதையான ஆங்கிலம். கம்பம் நர்சிங் ஹோம் அனுப்பிய படிவத்தின்படி நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ‘இன்றுவரை’ பணியில் இருக்கிறேன். கட்டப்பனை ஆஸ்பத்திரியின் படிவத்தின்படி அதே காலத்தில் நான் அங்கே முழு நேரப் பணியில் இருந்திருக்கிறேன். இப்போதோ அயர்லாந்தில் வசிக்கிறேன். இந்த முரண்பாட்டை முப்பது நாளுக்குள் எழுத்தில் விளக்க வேண்டும். பொய்யான தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நன்னடத்தை பற்றிய கேள்வியும் எழும். நான் போனை மூடிவிட்டு, பேட்ரிக் என்ற தொண்ணூறு வயதுக்காரருக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். அவர் வழக்கம்போல, “ஊருக்கு எப்போது திரும்பிப் போகிறாய்?” என்று கேட்டார். தினமும் கேட்பார். அன்றைக்குத்தான் அது கேள்வி போலக் காதில் விழுந்தது.

மறுநாள் காலை ராஜாங்கம் சாருக்குப் போன் செய்தேன்.

“ஏத்தா மேரி! நல்லாருக்கியா? அங்கன குளிரு சாஸ்தியாமே?”

“சார், வேலை பார்த்த படிவம் ஒண்ணு வந்துச்சுல்ல. அதுல இன்னும் அங்கனதான் இருக்கேன்னு எழுதியிருக்கீக.”

“ஆமா. நான்தான் எழுதச் சொன்னேன். எக்ஸ்பீரியன்சு கூடக் காட்டுனா ஒனக்குத்தான நல்லது? நாலு வருசம் சேத்துல்ல போட்டிருக்கேன்.”

அவர் உண்மையாகவே எனக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் விவரத்தைச் சொன்னேன். விட்டுப்போன தேதியைச் சரியாகப் போட்டு இன்னொரு கடிதம் அனுப்புங்கள் என்று கேட்டேன். பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“அதுமட்டும் முடியாதும்மா. நாலு வருசமா ஓம் பேருதான் ரெஜிஸ்டர்ல ஓடிக்கிட்டிருக்கு. போன இன்ஸ்பெக்சனுக்கும் அதத்தான் காட்டியிருக்கோம். இப்ப நீ அன்னைக்கே போயிட்டன்னு எழுத்துல குடுத்தா, அந்தப் பேப்பரு சுத்திக்கிட்டு எங்க தலையிலதான வந்து விழும்? டாக்டரம்மா என்னை உயிரோட விடமாட்டாக.”

“ஆறு மாசம்னு சொன்னீகளே சார்.”

“சொன்னேன். நீ வந்து எடுக்கச் சொன்னியா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

என்னோடு வேலை பார்க்கும் ஜின்சி கோட்டயத்துக்காரி. அவளும் வாரியத்தின் பதிலுக்குக் காத்திருப்பவள். “குமாஸ்தா தவறு என்று எழுதிவிடு” என்றாள். “எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உன் விசா, உன் டிக்கெட், கட்டப்பனையின் படிவம், எல்லாம் உன் பக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதை நீயாக எதற்குச் சொல்ல வேண்டும்?” அது நியாயமாகத்தான் பட்டது. குமாஸ்தா தவறு என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். நல்ல கடிதம் அது. படித்தால் நானே நம்புவேன். ஆனால் அனுப்பும் முன், படிவத்தில் உள்ள மேரியாக நாலு வருடமாக அங்கே நிற்பது யார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. அல்லது, தெரிந்திருந்ததை உறுதிசெய்யத் தோன்றியது. ஈஸ்வரியின் எண் மாறவில்லை.

“நான்தேங்க்கா அது” என்றாள், கேட்டதுமே. “இன்ஸ்பெக்சன்காரக வந்தா ஒங்க பேரு போட்ட பேட்ஜை மாட்டிவிட்டுருவாக. பெறகு அப்படியே பழகிப்போச்சு. டாக்டரம்மாகூட மேரின்னுதான் கூப்புடுறாக. வர்றவுகளுக்கும் நான் மேரி சிஸ்டர்தான்.”

நான் வாரியத்தின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

“நெசத்தை எழுதிருவீகளா?”

“தெரியலடி.”

“எழுதுனா என்னைய வெளிய அனுப்பிருவாக. ஒங்களுக்கு அங்கன நர்சு வேலை கெடைக்கலன்னா திரும்பி வந்து இங்கன நர்சா இருப்பீக. நான் எங்கனக்கா போறது? ரெண்டு புள்ளைக. அவரு லாரிக்குப் போறவரு, வந்தா உண்டு.” பிறகு, “கையெழுத்துப் போட்டுட்டுத்தான போனீக? நானா ஒங்க பேரைத் திருடுனேன்?” என்றாள்.

“நீ திருடுனேன்னு சொல்லல ஈஸ்வரி.”

“சொல்லல. ஆனா கேக்குற தோரணை அப்படித்தான் இருக்கு.”

நான் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “புள்ளி வச்ச மருந்தெல்லாம் இப்ப யாருட்டக் காட்டுற?” என்று கேட்டேன்.

“போட்டோ எடுத்து மெடிக்கல் அண்ணனுக்கு வாட்சப்புல அனுப்புவேன். அவரு சொல்லுவாரு.”

“அவரு பாக்கலன்னா?”

“பாத்துருவாருக்கா. பெரும்பாலும் பாத்துருவாரு.”

அந்தப் ‘பெரும்பாலும்’தான் என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நான் தூங்கினேன், வேலை அப்படி. ஆனால் அடுத்த இரண்டு வாரமும் யாருக்காவது உடுப்பு மாற்றும்போதோ படுக்கையை மடிக்கும்போதோ அந்தச் சொல் வந்து நின்றது. இதுவரை நான் இதை என் பிரச்சினையாகவும், ராஜாங்கம் சாரின் பிரச்சினையாகவும், கடைசியில் ஈஸ்வரியின் பிரச்சினையாகவும் பார்த்திருந்தேன். கட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அதன் அம்மா ஈஸ்வரியின் சட்டையில் என் பெயரைப் படித்துத்தான் குழந்தையைக் கொடுக்கிறாள். அவள் என் பட்டத்தை நம்பிக் கொடுக்கிறாள். அது அந்த இடத்தில் இல்லை. என்னோடு இந்தக் கடற்கரைக்கு வந்து, இங்கேயும் வேலை இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கிறது.

இருபத்தாறாவது நாள் ஜின்சி சொன்ன கடிதத்தை அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். விட்டுப்போன தேதி, பதிவேட்டில் முன்கூட்டியே போட்ட கையெழுத்து, அது எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பது, என் பெயர் அங்கே இன்னும் புழங்குகிறது என்பது. ஈஸ்வரியின் பெயரை எழுதவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம்தான். கடைசிவரை ஒத்திப்போட்டு, வேறு வழிகளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். இதமான குரல். நான் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டார். பிறகு, “உங்கள் பெயரில் அங்கே வேலை செய்பவர் நர்ஸா?” என்றார். “இல்லை” என்றேன். “நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறாரா?” “ஆமாம்.” எழுதும் சத்தம் கேட்டது. “அவர் நல்ல வேலைக்காரி” என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கலாம்” என்றார். உங்கள் மாநிலக் கவுன்சிலுக்கு இதைத் தெரிவிக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியில், “சரி மேரி, ஐ வில் லெட் யூ கோ நவ்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

‘லெட் யூ கோ’ என்றால் வேலையைவிட்டு நீக்குவது என்றுதான் நான் படித்த ஆங்கிலத்தில் அர்த்தம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிற்பகல் வேலைக்குப் போய், இல்லத்தின் மேலாளர் உர்சுலாவிடம், என்னை நிராகரித்துவிட்டார்கள், பராமரிப்பு உதவியாளராகவாவது தொடர முடியுமா என்று கேட்டேன். வாரியத்தில் என்ன சொன்னார்கள் என்று உர்சுலா வார்த்தை வார்த்தையாகக் கேட்டார். சொன்னேன். உர்சுலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அட, அது போனை வைக்கப் போகிறேன் என்று அர்த்தம். உன்னைப் பிடித்து வைத்திருக்க விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்வது. யூ ஆர் கிராண்ட், கவலைப்படாதே.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. உர்சுலா சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கண்காணிப்பில் மூன்று மாதப் பணி முடித்தால் பதிவு. கோப்பில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு. எதிர்காலத்தில் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதைத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்தை முடித்தேன். மருந்துத் தள்ளுவண்டியின் சாவி என் கைக்கு வந்த அன்று, பேட்ரிக்குக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தேன். “நீ யார், புதிதாக இருக்கிறாயே?” என்றார்.

அதே மாதங்களில் கம்பத்தில் நடந்ததெல்லாம் அம்மா வழியாகத் துண்டு துண்டாக வந்தது. அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. டாக்டரம்மா இரண்டு படித்த நர்ஸுகளைத் தேனியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஈஸ்வரியை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம். மாதா மாதம் அங்கேதான் காட்டுகிறாள். “ராஜாங்கம் என்னையக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ஒம்மவ செஞ்ச வேலையப் பாத்தியான்னாரு. நீ என்ன செஞ்சன்னுகூட எனக்குத் தெரியலத்தா” என்றாள். நான் அவளுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அந்தக் குச்சனூர்ப் புள்ள என்ன பண்ணுது?” என்று கேட்டாள். ஈஸ்வரிக்கு நான் செய்த அழைப்புகள் அடித்து ஓய்ந்தன. ஒரே ஒருமுறை ஒரு செய்தி வந்தது: “நல்லா இருக்கேன் அக்கா. கூப்பிடாதீங்க.” இரண்டு மாதம் அவள் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டப் போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்ற தை மாதம் விடுப்பில் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருந்தது. வேறு டாக்டரிடம் போகலாம் என்றேன். “இத்தன வருசமா பாக்குறவுக அவுகதான். நீ வேணா வெளிய நின்னுக்க” என்றாள். உள்ளேயே போனேன். கூடத்துக்குப் புதிதாக வெளிர்பச்சை பூசியிருந்தார்கள். ராஜாங்கம் சார் என்னைப் பார்த்து, “வாங்க” என்றார். முன்பெல்லாம் “வாத்தா” என்பவர். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமல், “யாருக்குப் பாக்கணும்?” என்று கேட்டு டோக்கன் கொடுத்தாள்.

அப்போதுதான் ஈஸ்வரியைப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு இல்லை. சேலைக்கு மேல் மெரூன் நிறக் கோட்டு, ஆயாக்கள் போடுவது. திரும்ப எடுத்திருக்கிறார்கள். கையில் பினாயில் வாளியோடு வந்தவள் எனக்கு நேர் எதிரே நின்றாள்.

“அம்மாவுக்கா?” என்றாள்.

“ஆமா.”

“நரம்பு கெடைக்கலன்னா இப்பவும் என்னையத்தான் கூப்புடுறாக” என்றாள், குரலைத் தாழ்த்தி. “மருந்து மட்டும் தொடமாட்டேன். அதெல்லாம் புதுசா வந்த புள்ளைக பாத்துக்கிருதுக.” கொஞ்சம் யோசித்து, “அது ஒரு வகைல நிம்மதிதேன்” என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா, அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நடையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். காத்திருப்போர் வரிசையில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நாலரை வருடத்தில் நான் ஊசி போட்டவர்கள் சிலராவது அவர்களில் இருந்திருக்க வேண்டும். உள் அறையில் ஒரு குழந்தை அழுதது. ஊசி ஏறாமல் இரண்டாம் முறையும் குத்தியிருப்பார்கள் என்பது அந்த அழுகையிலேயே தெரிந்தது. குழந்தையின் அம்மாவாக இருக்க வேண்டும், திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நடைக்கு ஓடிவந்தாள்.

“மேரி சிஸ்டர்! மேரி சிஸ்டர், செத்த வாங்களேன்!”

நான் பாதி எழுந்தேன். என் மடியிலிருந்த அம்மாவின் மாத்திரைச் சீட்டு தரையில் விழுந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் என்னைத் தாண்டி நடையின் கடைசிக்குப் போயின. ஈஸ்வரி வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே, “இந்தா வந்துட்டேன்த்தா” என்று என்னைக் கடந்து உள்ளே போனாள். திரை மூடியது. சற்று நேரத்தில் அழுகை நின்றது. பாதி எழுந்த நிலையிலேயே நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அம்மாதான் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.